அளவுக்கு நின்றவர்

என் கடைக்கு முன்னால் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நின்ற ஒரே ஆள் அவர்தான். என்னுடையது கருவாட்டுக் கடை. வாங்க வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வருவார்கள், வாங்காதவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போவார்கள். இந்த மனிதர் மட்டும் கோயிலுக்கு வந்தவர் மாதிரி இரண்டு செருப்பையும் ஓரமாக ஜோடி சேர்த்து வைத்தார். வெறுங்காலோடு வந்து என் கூடைக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்றார். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

நெத்திலியா, வாளையா, சுறாவா என்று கேட்டேன். பதில் இல்லை. பாவம், காது கேட்காது போலிருக்கிறது என்று நெத்திலியை ஒரு கை அள்ளி அவர் முகத்துக்கு நேராகக் காட்டினேன். அப்போதும் அசையவில்லை. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் இருந்து யாரோ சத்தம் போட்டார்கள், கையை எடும்மா, கால்வாயை மறைக்குது என்று. பார்த்தால் மெயின் ரோட்டில் ஸ்டுடியோ வைத்திருக்கிற தம்பி, தொப்பையை மடக்கிக்கொண்டு கேமராவோடு குந்தியிருக்கிறது.

விஷயம் இதுதான். எனக்குப் பின்னால் புதிதாக மழைத்தண்ணீர்க் கால்வாய் கட்டியிருந்தார்கள். அதைப் போட்டோ எடுத்து கவர்மென்ட் ஆபீசில் கொடுக்க வேண்டுமாம். வெறும் கால்வாயை மட்டும் எடுத்தால் அது முழங்கால் ஆழமா, கழுத்தளவு ஆழமா என்று படத்தில் தெரியாது. அதனால் பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்துவார்கள். அந்த ஆள் இவர். கருவாட்டுக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை.

என்னைத் தள்ளி உட்காரச் சொன்னார்கள். நான் நகரவில்லை. "இருபது வருசமா நான் இங்க குந்திகினு இருக்கேன். கால்வாய் நேத்துதான் வந்துச்சு. வேணும்னா அது நகரட்டும்" என்றேன். கடைசியில் அப்படியே எடுத்துக்கொண்டு போனார்கள். ஆபீஸ் காகிதத்தில் கால்வாய் இருக்கிறது, அவர் இருக்கிறார், ஓரத்தில் நெத்திலியோடு என் வலது கையும் இருக்கிறது.

அதற்கப்புறம் அவர் நெத்திலிக்கே வர ஆரம்பித்தார். அப்படிப் பழக்கம். பெயர் தெரியாது, நான் கேட்டதும் இல்லை. மார்க்கெட்டில் எல்லோரும் அளவு சார் என்போம். இப்போது அவர் இந்தப் பக்கம் இல்லை. கோயமுத்தூரில் பெரிய மகள் வீட்டோடு இருக்கிறார் என்று கேள்வி.

அந்தக் காலத்தில், அந்தக் காலம் என்றால் ரொம்பப் பின்னால் போக வேண்டாம், கொஞ்ச வருஷம் முன்னால்தான், தாம்பரத்தில் இருந்து மேடவாக்கம் வரைக்கும் எங்கே என்ன கட்டி முடித்தாலும் காண்ட்ராக்டர்கள் இவரைத்தான் கூப்பிடுவார்கள். இப்போதெல்லாம் போனில் படம் எடுத்தால் எந்த ஊர், எந்தத் தெரு என்று மூலையிலேயே விழுந்துவிடுகிறதாம். அப்போது அது வரவில்லை. மற்ற ஊர்களில் வேலை செய்கிற சித்தாள் யாரையாவது இழுத்து நிறுத்துவார்கள். இங்கே அப்படி இல்லை. எல்லாப் படத்திலும் அதே ஆள், அதே வெள்ளை அரைக்கை சட்டை, அதே சாம்பல் பேன்ட். பைலைத் திறக்கிற ஆபீசருக்கு இவரைப் பார்த்ததும் கட்டடம் எவ்வளவு உயரம் என்று பட்டென்று புரிந்துவிடும்.

அவர் வேட்டி கட்ட மாட்டார். ஏன் என்று கேட்டேன். வேட்டி காலை மறைத்துவிடும், கால் தெரியாவிட்டால் அளவு எங்கே ஆரம்பிக்கிறது என்று எப்படித் தெரியும் என்றார். செருப்புப் போட்டால் முக்கால் அங்குலம் ஏறும், அதனால் செருப்பு கூடாது. முடி தூக்கிக்கொண்டு நிற்கக் கூடாது என்று எண்ணெய் தடவிப் படிய வாரியிருப்பார். சாக்கடை முன்னால் அவர் செருப்பைக் கழற்றிக் கைகளை ஒடுக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்து, குரோம்பேட்டை பக்கம் ஒரு அம்மா தானும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டாளாம். ஸ்டுடியோ தம்பி சொல்லிச் சொல்லிச் சிரிக்கும்.

அவர் சிரிக்க மாட்டார். சிரிச்சா ஆள் தெரிவான், அளவு தெரியாது என்பார்.

அஸ்தினாபுரத்தில் ஒரு பஸ் நிழற்குடைக்கு நின்றபோது தெரு நாய் ஒன்று வந்து அவர் காலை மோந்து பார்த்து, கம்பம் என்று நினைத்துக்கொண்டு காலைத் தூக்கிவிட்டது. அவர் அசையவில்லை. கேமரா கிளிக் ஆகிற வரைக்கும் அப்படியே நின்றார். படத்தில் நாயும் விழுந்துவிட்டது. அந்தப் படத்தைப் பார்த்த ஆபீசர், இந்த நாயும் அளவுக்கா என்று கேட்டாராம். இவர் ரொம்ப மரியாதையாக, இல்லை சார், அது அதுவா வந்தது என்றாராம்.

வீட்டில் இவரை வைத்துக்கொண்டு இவர் சம்சாரம் பட்ட பாடு தனி. அந்த அம்மா ஒரு தடவை சுறாக் கருவாடு வாங்க வந்தபோது பர்சில் இருந்து எடுத்து ஒரு படத்தைக் காட்டினார்கள். சின்ன மகள் கல்யாணத்துக்கு முன்னால் குடும்பத்தோடு ஸ்டுடியோவில் எடுத்தது. அம்மாவும் இரண்டு மகள்களும் நாற்காலியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். இவர் மட்டும் ஒரு முழம் தள்ளி, வெறுங்காலோடு, விறைப்பாக நிற்கிறார். பார்த்தால் அந்த மூன்று பேரையும் காண்ட்ராக்டில் கட்டி முடித்து, அளவுக்கு ஆள் நிறுத்தின மாதிரி இருக்கிறது. "நாங்க இன்னா பம்ப் ரூமாக்கா?" என்று அந்த அம்மா என்னைக் கேட்டார்கள். சுறாவில் ஒரு துண்டு கூடப் போட்டுக் கொடுத்தேன்.

எதையும் அவர் அடிக்கணக்கில் சொல்ல மாட்டார், தன் கணக்கில்தான் சொல்வார். தண்ணீர்த் தொட்டி நான் ஒன்பது. மேம்பாலத் தூண் நான் நாலரை. மேடவாக்கத்தில் வரிசையாக நிற்கிற தண்ணி லாரி ஒவ்வொன்றும் நீளவாக்கில் நான் அஞ்சு. மகளுக்கு மாப்பிள்ளை எப்படி என்று நான் கேட்டபோது, படிப்பும் சொல்லவில்லை, வேலையும் சொல்லவில்லை. என்னை விட மூணு விரல் கூட என்றார்.

ஒரு வருஷம் சர்ச் மைதானத்தில் இலவச மருத்துவ முகாம் போட்டார்கள். எனக்குப் பக்கத்தில் கீரை விற்கிற எஸ்தர்தான் எங்கள் எல்லோரையும் இழுத்துக்கொண்டு போனாள். அவளைப் பற்றி அப்புறம் சொல்ல வேண்டியிருக்கிறது. இவரும் வந்திருந்தார். நர்சுப் பெண் எடை பார்த்தாள், பிரஷர் பார்த்தாள், சுவரில் ஒட்டின அளவுகோலில் நிற்க வைத்து அஞ்சடி மூணரை என்று எழுதினாள். இவர் அஞ்சடி நாலு என்றார். வயசானா எல்லாரும் கொஞ்சம் குறுகிடுவாங்க தாத்தா என்றாள் அவள். அளவுகோலைக் கீழே இருந்து சரியாக ஒட்டவில்லை என்று இவர் குனிந்து பார்க்க ஆரம்பித்தார். பின்னால் நாற்பது பேர் வரிசையில் நின்றோம்.

இரண்டு நாள் ஆள் வரவே இல்லை. மூன்றாம் நாள் வந்து, அக்கா, நான் அரை அங்குலம் கொறைஞ்சிட்டேன் என்றார், சாவுச் செய்தி சொல்கிற மாதிரி. சரி, அதனால் என்ன என்றேன். "அப்ப இங்க இருந்து மேடவாக்கம் வரைக்கும் நான் நின்ன கால்வாய் எல்லாம் படத்துல அரை அங்குலம் கூடப் போயிருக்கு" என்றார். போகட்டும், தண்ணி நல்லா ஓடும் என்றேன். அவருக்கு மனசு ஆறவில்லை. அந்த மாசத்தில் இருந்து எண்ணெய் வைப்பதை நிறுத்திவிட்டார். முடி அரை அங்குலம் எழும்பி நின்றது. அதற்கு மேல் வளர விடவில்லை, சரியாக அரை அங்குலத்தில் வெட்டிக்கொண்டார்.

இவ்வளவும் சிரிப்பாகத்தான் இருந்தது எனக்கு, கழிப்பறை விஷயம் வருகிற வரைக்கும்.

எங்கள் காலை மார்க்கெட்டில் பெண்கள் பதினொரு பேர். ஆறு மணிக்கு உட்கார்ந்தால் ஒரு மணிக்குத்தான் எழுந்திருப்போம். ஆண்கள் டிரான்ஸ்பார்மருக்குப் பின்னால் போய்விடுவார்கள். நாங்கள் எங்கே போவது? ரயில்வே ஸ்டேஷனுக்குப் போய் வந்தால் அரை மணி நேரம், அதற்குள் மாடு வந்து கீரையைத் தின்றுவிடும். அதனால் தண்ணீர் குடிக்க மாட்டோம். அவ்வளவுதான் எங்கள் ஏற்பாடு. எஸ்தர் பொழிச்சலூரில் இருந்து விடியற்காலையில் கிளம்பி வருகிறவள். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாளில் அவள் உபவாசம் இருக்கிறாள் என்று மற்றவர்கள் மெச்சுவார்கள். அவள் வருஷம் முழுக்க அப்படித்தான்.

ஒரு சித்திரை மாசம் முருங்கைக்கீரைக் கட்டுகள் மேலேயே சுருண்டு விழுந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில், கிட்னி கெட ஆரம்பித்திருக்கிறது, தினம் மூன்று லிட்டர் தண்ணீர் குடி, இல்லாவிட்டால் ரத்தம் சுத்தம் பண்ணுகிற மெஷினில்தான் உட்கார வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். மறுவாரமே கடைக்கு வந்துவிட்டாள், வராமல் முடியாது. பாட்டிலைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "மூணு லிட்டரு குடிக்கலாம்க்கா. குடிச்சிட்டு எங்க போவேன்?" என்றாள்.

கழிப்பறை கேட்டு மனு எழுதினோம். நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள், ஆனால் எந்தக் காகிதத்திலும் கைநாட்டு வைத்ததில்லை. முதல் கையெழுத்து என்னுடையது. கீழே எஸ்தர், அதற்குக் கீழே மற்றவர்கள். நானும் எஸ்தரும் ஆபீசுக்கு எடுத்துக்கொண்டு போனோம். அங்கே ஒரு மேடம். நல்ல மாதிரிதான், உட்காரச் சொன்னார்கள். மனுவைப் படித்துவிட்டு பீரோவில் இருந்து ஒரு பைலை எடுத்தார்கள்.

"உங்க மார்க்கெட்டுக்கு லேடீஸ் டாய்லெட் போன வருஷமே கட்டியாச்சேம்மா. வொர்க் கம்ப்ளீட்டட்னு போட்டோவோட இருக்கு பாருங்க."

பார்த்தேன். ரோஸ் கலர் கட்டடம். நீலக் கதவு. பெண்கள் என்று பெரிதாக எழுதியிருக்கிறது, அதை நானே படித்தேன். பக்கத்தில் வெறுங்காலோடு விறைப்பாக நம் ஆள்.

அங்கேதான் என் வாய் கெடுத்துவிட்டது. தெரியாத ஆபீசில் தெரிந்த முகத்தைப் பார்த்த சந்தோஷத்தில், ஐயோ இவரா, இவரை நல்லாத் தெரியுமே, நம்ம மார்க்கெட்ல நின்னவராச்சே என்று சொல்லிவிட்டேன்.

"அப்போ மார்க்கெட்லதான் நின்னாரு" என்றார்கள் மேடம்.

"அது கால்வாய்க்கு மேடம்."

"நின்னாரா, இல்லியா?"

"நின்னாரு."

மேடம் பைலை மூடிவிட்டார்கள். மனுவின் ஓரத்தில் என்னமோ எழுதினார்கள். மனுதாரரே நேரில் உறுதி செய்தார் என்று எழுதினதாக அப்புறம் தெரிந்தது. எஸ்தர் எனக்கு முன்னால் விறுவிறுவென்று பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். பஸ்ஸில் ஏறினபிறகு, "அந்த வாய வெச்சிகினு நீ கருவாடு மட்டும் வித்திருக்கலாம்க்கா" என்றாள்.

இரண்டு நாள் கழித்து அவர் நெத்திலிக்கு வந்தார். நான் கூடை மேல் சாக்கை இழுத்து மூடினேன்.

ரோஸ் கலர் கட்டடம் ஒன்றுக்கு நின்றாயா என்று கேட்டேன். அதுவரைக்கும் நீங்க, வாங்க என்றுதான் பேசிக்கொண்டிருந்தேன். அவர் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. நின்றேன், மேடவாக்கத்தில், நீலக் கதவு, அது நான் இரண்டு என்றார்.

"அத்த எங்க மார்க்கெட்ல கட்டிக்கீதுன்னு பைல்ல வெச்சிருக்கானுங்கய்யா."

அவர் முகம் மாறியது. "அளவு தப்பாப் போட்டிருக்காங்களா?"

"அளவு சரிதான். ஊரே தப்பு."

ஊர் அவர் வேலை இல்லையாம். காண்ட்ராக்டர் கூப்பிடுகிற இடத்துக்குப் போவது, நிற்பது, வருவது. படம் எந்த பைலுக்குள் போகிறது என்று அவர் இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் கேட்டதில்லை. நான் பொய்யா நிக்கலியே அக்கா, உண்மையாத்தானே நின்னேன் என்றார். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்துச் சாக்கில் இருந்து எஸ்தர் பேசினாள். சத்தமே போடவில்லை, கீரையை ஆய்ந்துகொண்டே சொன்னாள்.

"நீங்க நின்னுட்டுப் பூட்டீங்கண்ணே. நாங்கதான் அடக்கிகினு குந்திகினு கீறோம்."

ஒரு நாய் காலைத் தூக்கினபோதுகூட ஆடாத மனிதர், அன்றைக்குக் கால் மாற்றி மாற்றி நின்றார். நெத்திலி வாங்காமலே போய்விட்டார்.

மறுநாள் நாங்கள் கூப்பிடாமலே ஸ்டுடியோ தம்பியை அழைத்துக்கொண்டு வந்தார். கழிப்பறை இருப்பதாக பைலில் சொல்லியிருக்கிற மூலை இருக்கிறதே, அங்கே ஒரு உடைந்த தள்ளுவண்டியும் இளநீர் மட்டைக் குவியலும்தான். அதைப் படம் எடுத்துக் கொடுப்போம், பார்த்தால் புரிந்துவிடும் என்றார். செருப்பைக் கழற்றினார். பிறகு திகைத்துப் போய்விட்டார். "எதுக்குப் பக்கத்துல நிக்கறது?" என்று கேட்டார். அங்கே எதுவும் இல்லையே. ஒண்ணும் இல்லாததுக்குப் பக்கத்துல நில்லுங்க சார் என்றது தம்பி. ஒன்றும் இல்லாதது எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று தேடி, இங்கே நின்று பார்த்து, அங்கே நின்று பார்த்து, கால் மணி நேரம் ஆக்கினார். அப்புறம் ஒரு இடம் பிடித்து விறைத்து நின்றார். படம் நன்றாக விழுந்தது.

அந்தப் படத்தை ஆபீசில் கொடுத்துவிட்டு, ஒரு வாரம் கழித்து நான், எஸ்தர், அளவு சார் மூன்று பேருமாகப் போனோம். மேடம் முகமெல்லாம் சிரிப்பு. ரொம்ப தேங்ஸ்ம்மா என்றார்கள். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

ஒவ்வொரு வேலைக்கும் பணிக்கு முன் ஒரு படம், நடக்கும்போது ஒரு படம், முடிந்தபின் ஒரு படம் என்று மூன்று இருக்க வேண்டுமாம். எங்கள் கழிப்பறை பைலில் பணிக்கு முன் படம் மட்டும் இல்லாமல் மேலிடத்தில் கேட்டுக்கொண்டே இருந்தார்களாம். நாங்கள் கொண்டுவந்து கொடுத்த படத்தை அதில் வைத்துவிட்டார்களாம். காலி இடம், பக்கத்தில் இந்த ஆள். அப்புறம் ரோஸ் கட்டடம், பக்கத்தில் இந்த ஆள். அதே சட்டை, அதே பேன்ட். இதைவிட என்ன வேண்டும்? பைல் இப்போதுதான் முழுசாச்சு என்றார்கள் மேடம்.

எஸ்தர் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் பீரோவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அங்கே இருந்தே பேசினார். ரெண்டு படத்துலயும் நான்தான் மேடம், ஆனா ரெண்டும் ஒரே எடம் இல்ல, ரோஸ் கட்டடம் மேடவாக்கம் என்றார். எழுதிக் கொடுப்பீங்களா என்றார்கள் மேடம். காகிதத்துல என்ன வேணா எழுதலாம், நீங்க வந்து நேர்ல பாருங்க மேடம் என்றார். மேடம் பேனாவைக் கீழே வைத்தார்கள். இப்போதுதான் அவர்களுக்கு உறைத்திருக்க வேண்டும்.

"அப்போ நீங்க நின்ன மத்த போட்டோ எல்லாம்?"

அந்த பீரோ நிறைய அவர்தான் இருந்தார். கால்வாய் எத்தனை, நிழற்குடை எத்தனை, பம்ப் ரூம் எத்தனை. இதற்கு ஒரு பதில் சொன்னால் இனிமேல் ஒரு காண்ட்ராக்டரும் அவரைக் கூப்பிடமாட்டான். அது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். மேடத்துக்குக்கூடத் தெரிந்திருக்கும், அவசரப்படுத்தாமல் காத்திருந்தார்கள்.

"அதையும் போய்ப் பாருங்க மேடம். எந்தப் படம் எந்த ஊருன்னு எனக்கு மனப்பாடம்" என்றார்.

மேடம் வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மார்க்கெட்டுக்கு வந்தார்கள். கையில் அந்த பைல். காண்ட்ராக்டரையும் வரச் சொல்லியிருந்தார்கள், வந்து கட்டடத்தைக் காட்டட்டும் என்று. அவன் போனில், மேடவாக்கம் சிக்னலில் தண்ணி லாரி கவிழ்ந்து கிடக்கிறது, பத்து நிமிஷத்தில் வருகிறேன் என்றான். பத்து மணிக்கும் பத்து நிமிஷம் என்றான். பதினொன்றுக்கும் அதே பத்து நிமிஷம். மேடம் பிடிவாதக்காரி, அவன் வராமல் நகரமாட்டேன் என்று நின்றார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

நல்ல வெயில். எஸ்தர் தன் குடையைக் கொடுத்தாள். நான் மோர் வாங்கிக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் கழித்துத் தக்காளிக் கடைக்காரி ஒரு இளநீர் வெட்டச் சொல்லிக் கொடுத்தாள். அப்புறம் மறுபடியும் நான் மோர் கொடுத்தேன். முதல் டம்ளர் மரியாதைக்குக் கொடுத்தது. இரண்டாவது மரியாதைக்கு இல்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். அளவு சார் என்னை ஒரு பார்வை பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. போய்த் தர்பூசணி ஒரு பெரிய கீற்று வாங்கிக்கொண்டு வந்து, ரொம்பப் பணிவாக, சாப்பிடுங்க மேடம் என்று நீட்டினார்.

பதினொன்றரை இருக்கும். மேடம் ஒரு காலில் இருந்து இன்னொரு காலுக்கு மாறி நிற்க ஆரம்பித்தார்கள். பைலை இந்தக் கையில் இருந்து அந்தக் கைக்கு மாற்றினார்கள். மெதுவாக என் பக்கத்தில் வந்து குனிந்தார்கள்.

"அம்மா, இங்க பக்கத்துல பாத்ரூம் எங்க இருக்கு?"

நான் எழுந்து நின்றேன். உட்கார்ந்துகொண்டு சொல்கிற பதில் இல்லை அது.

"உங்க கையிலதான் கீது மேடம்" என்றேன்.

மேடம் பைலைப் பார்த்தார்கள். என்னைப் பார்த்தார்கள். திட்டப் போகிறார்கள் என்று நினைத்தேன். திட்டவில்லை. "தினமும் எவ்ளோ நேரம் இப்படி இருப்பீங்க?" என்று கேட்டார்கள். எஸ்தர்தான் சொன்னாள், ஒரு மணி வரைக்கும் என்று. மேடம் டிரைவரைக் கூப்பிட்டு, வேகமாக ஜீப்பில் ஏறிப் போனார்கள். அவ்வளவு வேகமாக ஒரு ஆபீசர் போய் நான் பார்த்ததில்லை.

காண்ட்ராக்டர் அன்றைக்கு வரவே இல்லை. ஆனால் பதினைந்தாம் நாள் வேலைக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள். தள்ளுவண்டியை எடுத்தார்கள், இளநீர் மட்டையை வாரினார்கள், பள்ளம் தோண்டினார்கள். முடிய ஐந்து மாசம் பிடித்தது.

அந்த ஐந்து மாசத்தில் அவரை ஒரு இடத்துக்கும் யாரும் கூப்பிடவில்லை. இப்போது வேறு ஒருவனை நிறுத்துகிறார்களாம், உயரமான பையனாம், ஷூவோடு நிற்கிறானாம். "இனிமே கட்டறதெல்லாம் படத்துல குட்டியாத் தெரியும்" என்றார். அதற்கு மேல் குறை சொல்லவில்லை. தினமும் மார்க்கெட்டுக்கு வந்து, கட்டடம் இன்றைக்கு அவருக்கு இடுப்பு வரைக்கும் வந்திருக்கிறது, இன்றைக்குத் தோள் வரைக்கும் என்று எங்களுக்குச் சொல்லிவிட்டுப் போவார். எஸ்தர் அவருக்கு முருங்கைக்கீரை சும்மா கொடுப்பாள்.

முடிந்த அன்றைக்கு காண்ட்ராக்டர் ஆள் ஒருவன் வந்து போனில் இரண்டு படம் எடுத்துக்கொண்டு, சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். மறுநாள் காலையில் எஸ்தர் ஒரு பெரிய பாட்டில் தண்ணீர் கொண்டுவந்தாள். வெட்கப்பட்டாள், குடிப்பதா வேண்டாமா என்று என்னைப் பார்த்தாள். குடிடீ என்றேன். ஒன்பது மணிக்கு, எல்லோரும் பார்க்க, அண்ணாந்து பாதி பாட்டிலைக் காலி பண்ணினாள். தொண்டையில் தண்ணீர் இறங்குகிறதை நாங்கள் மற்ற பத்துப் பேரும் வேடிக்கை பார்த்தோம்.

அவரும் வந்திருந்தார். கட்டடத்துக்கு முன்னால் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். கேமரா இல்லை, ஸ்டுடியோ தம்பி இல்லை, யாரும் நிற்கச் சொல்லவும் இல்லை. நின்று, அண்ணாந்து பார்த்துவிட்டு, முகம் வாடித் திரும்பி வந்தார்.

"அக்கா, பைல்ல இருந்தது நான் ரெண்டு. இது ஒண்ணே முக்கால்தான் வருது. கால் கொறையுது."

"வுடுங்க சார், உள்ள போய் குந்தத்தான போறோம்" என்றேன்.

பெண்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை, யோசித்தார். குந்தினால் தன் அளவு எவ்வளவு என்று இதுவரைக்கும் பார்த்ததே இல்லை என்றார். எஸ்தர் கீரைக்கட்டுகளை ஒதுக்கித் தன் சாக்கில் இடம் பண்ணிக் கொடுத்தாள். பேன்ட்டை முழங்காலில் தூக்கிவிட்டுக்கொண்டு, மெதுவாக, எங்களுக்கு நடுவில் உட்கார்ந்தார்.